பழைய வண்டிக்குப் புதிய பாகம்: வாசகர் கேள்வி பதில்

பழைய மோட்டார் சைக்கிள்களைப் புதுப்பிப்பது குறித்து வந்த கடிதங்களில், வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட வாசகர்கள் எழுதியவற்றை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கடையில் கிடைக்காத பாகத்தை லேத் பட்டறையில் கடைந்து போடலாமா, போடுவதென்றால் எதைக் கவனிக்க வேண்டும் என்பதே அனைவரும் கேட்டிருப்பது.

கேள்வி: ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தபின் எங்கள் தாத்தா வாங்கிய 350 சிசி புல்லட் எங்கள் வீட்டில் இருக்கிறது. இன்ஜினைப் பிரித்தபோது அதன் அடிக்கூடான கிராங்க் கேஸில் பல மரைகள் தேய்ந்திருப்பது தெரிந்தது. பட்டறைக்காரர், "எல்லாவற்றையும் மில்லிமீட்டர் மரையாக மாற்றிவிடுகிறேன், போல்ட் எந்தக் கடையிலும் கிடைக்கும்" என்கிறார். சம்மதிக்கலாமா?
வாசகர், குடியாத்தம்

பதில்: சம்மதிக்க வேண்டாம். பட்டறைக்காரர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அவர் சொல்லும் வழி வண்டிக்கு நிரந்தரமான கேட்டைச் செய்யும்.

மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தோடு சேர்ந்து சென்னையில் புல்லட்டைத் தயாரிக்கத் தொடங்கியபோது, வண்டியின் வரைபடங்களோடு அந்நாட்டின் அங்குல மரைகளும் கூடவே வந்தன. அவற்றில் ஒரே வகை இல்லை என்பதுதான் சிக்கல். விட்வொர்த் என்னும் பருமரையும் பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு ஃபைன்) என்னும் நுண்மரையும் 55 பாகைக் கோணம் உடையவை. சைக்கிள் மரை என்று அழைக்கப்படும் மூன்றாவது வகை 60 பாகைக் கோணம் உடையது. சிறிய அளவுகள் பெரும்பாலானவற்றில் அங்குலத்துக்கு 26 புரிகள் கொண்டது. மின்கருவிகளில் உள்ள சிறு திருகுகள் பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) என்னும் வகையைச் சேர்ந்தவை. அவற்றின் கோணம் 47.5 பாகை. ஒரே இன்ஜினில் இவற்றுள் இரண்டு மூன்று வகைகள் கலந்திருக்கும்.

இப்போது உங்கள் கிராங்க் கேஸில் 5/16 அங்குல பி.எஸ்.எஃப். மரை தேய்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் விட்டம் 7.94 மில்லிமீட்டர்; அங்குலத்துக்கு 22 புரிகள். பட்டறைக்காரர் அதில் துளைக்குள் மரை வெட்டும் எட்டு மில்லிமீட்டர் டாப்பைச் செலுத்தினால், அந்த டாப்பின் புரிகள் அங்குலத்துக்கு ஏறத்தாழ 20.3 என்ற கணக்கில் ஓடும். விட்டத்தில் வேறுபாடு 0.06 மில்லிமீட்டர் மட்டுமே என்பதால் புதிய மரை பழைய மரையை முழுவதும் அழித்துவிட்டுப் பிறக்க இடமில்லை. இரண்டும் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொண்டு, அலுமினியத்தில் மெல்லிய முனைகளை மட்டுமே மிச்சம் வைக்கும். போல்ட் ஏறும், இறுகுவதுபோலவும் தோன்றும். இன்ஜின் சூடாகிக் குளிர்ந்து சில நாள் ஓடியபின் மரை மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு வரும். அதைத் தவிர்க்கப் பத்து மில்லிமீட்டருக்குப் போனாலோ, துளையைச் சுற்றியுள்ள அலுமினியச் சுவர் மெலிந்து, இறுக்கும்போதே விரிசல் விடும். போல்டை வேறு கடையில் வாங்கிக்கொள்ளலாம். கிராங்க் கேஸை அப்படி வாங்க முடியாது.

சரியான வழி, தேய்ந்த துளையைப் பெரிதாக்கி, வெளியே நுண்மரையும் உள்ளே பழைய அளவு மரையும் கொண்ட சிறு புஷ் ஒன்றைக் கடைந்து ஏற்றுவதுதான். எஃகிலோ வெண்கலத்திலோ கடையலாம். துளையைச் சுற்றிப் போதிய சதை இருக்கும் இடத்தில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். சதை குறைவான இடத்தில் கம்பிச் சுருள் செருகல் நல்லது. அதற்கு வேண்டிய துளை சிறியது, பி.எஸ்.எஃப்., விட்வொர்த் அளவுகளிலும் அது கிடைக்கிறது.

ஸ்டட் (இரு முனையிலும் மரை உள்ள தண்டு), போல்ட் ஆகியவற்றைப் புதிதாகக் கடைவதும் கடினமன்று. அங்குலத்துக்கு 4 புரி கொண்ட லீட் ஸ்க்ரூ (டூலை நகர்த்தும் நீண்ட திருகு) உள்ள பழைய லேத்தில் 26 புரி வெட்டுவதற்கு, 20-க்கு 65, 40-க்கு 80 எனப் பல்சக்கரங்களை இரட்டையாகப் பூட்டினால் கணக்குச் சரியாக வரும். மில்லிமீட்டர் லீட் ஸ்க்ரூ கொண்ட லேத்தாக இருந்தால் 127 பல் சக்கரம் தேவை. வெட்டி முடியும்வரை டூலை அந்தத் திருகோடு இணைக்கும் அரை நட்டைத் திறக்காமல், மோட்டாரை எதிர்த்திசையில் சுழற்றியே டூலைப் பின்னுக்குக் கொண்டுவர வேண்டும். இராணிப்பேட்டைப் பக்கம் பெரிய ஆலைகளுக்கு வேலை செய்து பழகிய மூத்த டர்னர்கள் இருக்கிறார்கள். இந்தக் கணக்கு அவர்களுக்குக் கைவந்தது. அவர்களைத் தேடிப் போய்க் கேட்பதில் தயங்காதீர்கள். 5/16, 3/8 அங்குல அளவுகளில் தண்டின்மேல் மரை வெட்டும் 26 புரி டை வேண்டுமென்றால் பழைய சைக்கிள் கடைகளிலும் விசாரியுங்கள். பழைய பாணிச் சைக்கிள்களின் முன் அச்சும் பின் அச்சும் அந்த மரைகளே.

மரையை அடையாளம் காண்பதில் அவசரம் கூடாது. கால் அங்குல சைக்கிள் மரையும் ஆறு மில்லிமீட்டர் மரையும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும்: ஒன்று அங்குலத்துக்கு 26 புரி, மற்றது 25.4 புரி. அரை அங்குல நீளத்தில் எண்ணிப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. மரையின் அளவுக்கேற்பப் பற்கள் வெட்டிய மரைச் சீப்பைப் பொருத்தி, பின்னால் விளக்கைப் பிடித்து, ஒளி கசிகிறதா என்று பாருங்கள். விட்டத்தை மைக்ரோமீட்டரால் அளந்து உறுதி செய்யுங்கள்.

கேள்வி: முன் சக்கர ஆக்ஸில் துருப்பிடித்துக் குழி விழுந்துவிட்டது. துருப்பிடிக்காத ஸ்டீலில் கடைந்து தருவதாக டர்னர் சொல்கிறார். அதுவே வலிமையானது என்றும் சொல்கிறார். சரிதானா?
வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: துருப்பிடிக்காது என்பது சரி; வலிமையானது என்பது சரியன்று. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 304 வகைத் துருவேறா எஃகு, நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவை வைத்துப் பார்த்தால், இ.என். 24 (பிரிட்டிஷ் எஃகுத் தர எண்) என்னும் கலப்பு எஃகின் வலிமையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே நிற்கிறது. மேலும் துருவேறா எஃகில் துருவேறா எஃகு நட்டை இறுக்கினால் மரைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, திறக்கவும் இறுக்கவும் முடியாமல் நின்றுவிடும். மட்கார்டு திருகுக்கும் நம்பர் பலகைத் திருகுக்கும் அது தாராளமாகப் போதும். ஆக்ஸில் உங்கள் உயிரைத் தாங்கும் பாகம்.

ஆக்ஸிலுக்கு இ.என். 24 எஃகை, 'டி' நிலையில் வாங்கச் சொல்லுங்கள். அந்த நிலையில் அது ஏற்கெனவே வெப்பப் பதம் செய்யப்பட்டே வருகிறது. சதுர மில்லிமீட்டருக்கு 850 நியூட்டனுக்குக் குறையாத இழுவலிமை கொண்டது. ஆயினும் கார்பைடு டூலால் நன்றாகக் கடையலாம், கடைந்தபின் மறுபடி உலைக்கு அனுப்பத் தேவையில்லை. அது கிடைக்காவிட்டால் அசல் ஆக்ஸில் எந்த எஃகு என்று தெரிந்த பின்னரே இ.என். 8-க்கு இறங்கலாம். கட்டடக் கம்பியையோ, பழைய இரும்புக் கடையில் கிடைத்த பெயர் தெரியாத உருளையையோ ஏற்காதீர்கள். எஃகை வாங்கிய ரசீதையும் சோதனைச் சான்றையும் கேளுங்கள். நல்ல வியாபாரி தருவார்.

எஃகைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆக்ஸில் பெரும்பாலும் நடுவில் முறிவதில்லை; விட்டம் குறையும் படியின் மூலையிலோ மரை தொடங்கும் இடத்திலோதான் முறிகிறது. சாலையின் ஒவ்வொரு குலுக்கலும் அந்த மூலையில் குவிகிறது. மூலை கூர்மையாக இருந்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் அங்கே பிறந்து, மாதக்கணக்கில் வளர்ந்து, ஒருநாள் முறிகிறது. ஆகவே படியின் மூலையில் வளைவு விடும்படி டூலின் மூக்கை உருட்டித் தீட்டச் சொல்லுங்கள். அந்த வளைவு, உள்ளே உட்காரும் பேரிங்கின் மூலை வளைவைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். இல்லையெனில் பேரிங் படியில் முழுவதும் சாயாது. மரை முடியும் இடத்தில் கூர்மையான வெட்டுக்கு மாறாக, மரையின் ஆழத்தைவிடச் சற்றே ஆழமான உருண்ட பள்ளம் இருக்கட்டும். டூல் விட்ட வளையத் தழும்புகளை எமரித் தாளால் தேய்த்து நீக்கிவிடுங்கள். எண்ணற்ற லேத் பட்டறைகளில் அளவு மிகச் சரியாக இருந்தும் இந்த மூலையைக் கவனிக்காமல் விடுவதைக் காணும்போது மனம் பதைக்கிறது.

முலாம் பூசுவதற்கும் அளவில் இடம் விட வேண்டும். 60 பாகை மரையில் பூச்சின் கனத்தைப் போல நான்கு மடங்கு மரையின் செயல்விட்டம் கூடும். எட்டு மைக்ரான் துத்தநாகம் ஏறினால் 32 மைக்ரான் கூடும். மரையை முழு அளவுக்கு வெட்டிப் பிறகு முலாமுக்கு அனுப்பினால் நட்டு ஏறாது. ஏறாத நட்டைப் பலவந்தமாக ஏற்றினால் பூசிய முலாம் உரிந்துவிடும். ஸ்பிரிங் போன்று மிகவும் கடினமாக்கிய எஃகுக்கு முலாம் பூசினால், ஹைட்ரஜன் உட்புகுந்து எஃகை உடையக்கூடியதாக ஆக்கிவிடும். பூசிய நான்கு மணி நேரத்துக்குள் 190 முதல் 220 பாகை வெப்பத்தில் பல மணி நேரம் அடுப்பில் வைத்து எடுக்க வசதியுள்ள பட்டறைக்கே அத்தகைய பாகங்களைக் கொடுங்கள்.

பேரிங், ஆயில் சீல் ஆகியவற்றைக் கடைய வேண்டியதே இல்லை. அவற்றின் முகத்தில் பொறித்துள்ள எண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பேரிங் கடையிலேயே கிடைக்கும்.

கேள்வி: அப்பாவின் பழைய ஜாவா 250-ஐ ஓடவைக்க முயல்கிறேன். 0.50 ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்கிக் கொடுத்தேன். பட்டறையில் சிலிண்டரைச் சரியாக 65.50 மில்லிமீட்டருக்குப் போரிங் செய்ததாகச் சொல்கிறார்கள். ஆனால் பிஸ்டன் இறுக்கமாகப் போகிறது. பிஸ்டன் போலியா?
வாசகி, ஆற்காடு

பதில்: பிஸ்டனைக் குறை சொல்வதற்கு முன் அளந்து பாருங்கள், அம்மா. மைசூரில் 1961 முதல் தயாரான ஜாவா 250-இன் சிலிண்டர் 65 மில்லிமீட்டர் விட்டமும் 75 மில்லிமீட்டர் பிஸ்டன் ஓட்டமும் கொண்டது. பெட்டியில் 0.50 என்று போட்டிருப்பது அந்த அளவுக்கு மேல் எத்தனையாவது படி என்பதைத்தான் குறிக்கிறது. சிலிண்டரை எந்த அளவுக்குக் குடைய வேண்டும் என்பதை, கையிலுள்ள பிஸ்டனை மைக்ரோமீட்டரால் அளந்து, அதோடு இடைவெளியைக் கூட்டித்தான் முடிவு செய்ய வேண்டும். முதலில் பிஸ்டன், பிறகுதான் போரிங். சில தயாரிப்பாளர்கள் இடைவெளியைக் கழித்தே பிஸ்டனைச் செய்கிறார்கள், சிலர் அப்படிச் செய்வதில்லை. ஆகவே எண்ணை மட்டும் நம்பிக் குடைந்தது பட்டறையின் தவறு. நல்லவேளையாக இறுக்கமாகத்தான் இருக்கிறது. மிச்சத்தை ஹோனிங் செய்து, அதாவது உரசுகற்களால் மெல்லத் தேய்த்து எடுத்துவிடலாம். தளர்வாகக் குடைந்திருந்தால் அடுத்த ஓவர்சைஸுக்கே போக வேண்டியிருக்கும்.

பிஸ்டன் முழுவட்டமன்று, பிஸ்டன் பின் என்னும் உருளை ஆணி நுழையும் துளைக்குக் குறுக்குத் திசையில், பாவாடைப் பகுதியின் அடியை ஒட்டித்தான் அதன் அகலமான இடம் இருக்கும். அங்கே அளக்கச் சொல்லுங்கள். சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களிலும், ஒவ்வொன்றிலும் இரு திசைகளிலும் அளக்க வேண்டும். இடைவெளி எவ்வளவு என்பதற்குப் பிஸ்டன் தயாரிப்பாளர் தந்த சீட்டே முடிவு.

உங்கள் ஊரில் இதற்கு இன்னொரு கவனமும் வேண்டும். அளவுகள் எல்லாம் 20 பாகை வெப்பத்துக்கு உரியவை. ஆற்காட்டு மே மாதத்துப் பட்டறையில் தகரக் கூரைக்கு அடியில் அது 40 பாகை. அலுமினியம், வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். 65 மில்லிமீட்டர் பிஸ்டன் அந்த 20 பாகை ஏற்றத்துக்கு 0.03 மில்லிமீட்டரை நெருங்கி விரிகிறது. சிலிண்டர் அதில் பாதிதான். இரண்டும் ஒரே வெப்பத்தில் இருந்தாலே இவ்வளவு வேறுபாடு. பிஸ்டன் சன்னல் வெயிலில் கிடந்து, சிலிண்டர் தரையின் குளிர்ச்சியில் இருந்திருந்தாலோ, தேவையான இடைவெளியில் பெரும்பகுதி அளவீட்டுப் பிழையிலேயே போய்விடும். குடைந்து முடித்த கையோடு சூடான சிலிண்டரை அளப்பதும் அதே பிழை. பிஸ்டன், சிலிண்டர், மைக்ரோமீட்டர் மூன்றையும் இரவு முழுவதும் ஒரே மேசையில் வைத்துவிட்டு, காலையில் வெயில் ஏறுவதற்கு முன் அளக்கச் சொல்லுங்கள்.

இது இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின். சிலிண்டர் சுவரில் புகைவழித் துளைகள் உண்டு. போரிங் முடிந்தபின் அத்துளைகளின் விளிம்பு கத்திபோல் நிற்கும். அவற்றை மெல்லச் சரித்துத் தேய்க்காவிட்டால் ரிங் அதில் மாட்டி உடையும். ரிங்கைத் தனியே சிலிண்டருக்குள் நேராக இறக்கி, அதன் இரு முனைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். விட்டத்தில் அங்குலத்துக்கு 0.004 அங்குலம் என்னும் பழைய கணக்கின்படி, உங்கள் சிலிண்டருக்கு அது ஏறத்தாழ 0.25 மில்லிமீட்டர்.

ஜாவா செக் நாட்டு வடிவமைப்பு. அதன் மரைகள் மில்லிமீட்டர் மரைகளே. குடியாத்தம் வாசகருக்குச் சொன்ன மரைச் சிக்கல் உங்களுக்கு இல்லை.

கேள்வி: பொறியியல் மாணவன் நான். பழைய ஆங்கிலேய வண்டியொன்றின் கிக்கர் பல்சக்கரத்தில் மூன்று பற்கள் உடைந்துவிட்டன. ஒயர் கட்டிங் முறையில் (மின்பொறி பாயும் கம்பியால்) புதிதாக வெட்டலாம் என்று நினைக்கிறேன். எப்படி அளவெடுப்பது?
வாசகர், காட்பாடி

பதில்: நல்ல யோசனை. ஆனால் தேய்ந்த பல்லின் வடிவத்தை ஸ்கேன் செய்து அப்படியே வெட்டினால் தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுப்பீர்கள். பல்லின் மூலக் கணக்கைக் கண்டுபிடித்து, அதிலிருந்து வரைய வேண்டும்.

அக்கால ஆங்கிலேயப் பல்சக்கரங்கள் டி.பி. (டயமெட்ரல் பிட்ச்) என்னும் அங்குலக் கணக்கில் ஆனவை. பற்களின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி, வெளிவிட்டத்தின் அங்குல அளவால் வகுத்தால் டி.பி. வரும். 24 பற்கள், 2.6 அங்குல வெளிவிட்டம் என்றால் 26-ஐ 2.6-ஆல் வகுக்க 10 டி.பி. இதை மில்லிமீட்டர் முறையில் சொன்னால் மாடுல் 2.54. பட்டறையில் உள்ள மாடுல் 2.5 கட்டர் ஏறக்குறையப் பொருந்துகிறதே என்று அதை வைத்து வெட்டுபவர்கள் உண்டு. ஒன்றரை விழுக்காட்டுக்கும் சற்று மேலான அந்த வேறுபாடு, ஒவ்வொரு பல்லும் தன் இணையைத் தவறான இடத்தில் தொடும்படி செய்து, உடையாமல் நிற்கும் பழைய சக்கரத்தையும் சேர்த்தே தின்றுவிடும். பல்லின் அழுத்தக் கோணம் 20 பாகையா 14.5 பாகையா என்பதையும் இணைச் சக்கரத்தை வைத்து உறுதி செய்யுங்கள். குட்டைப் பல் வகையாக இருந்தால் மேற்சொன்ன சூத்திரம் பொருந்தாது. அப்போது இரு அச்சுகளின் நடுத்தூரத்தை அளந்து கணக்கிட வேண்டும்.

மில்லிங் இயந்திரத்தில் வெட்டுவதானால் 24 பல்லுக்கு ஐந்தாம் எண் கட்டர். வட்டத்தைச் சமமாகப் பிரிக்கும் 40-க்கு 1 என்ற டிவைடிங் ஹெட்டில் ஒவ்வொரு பல்லுக்கும் கைப்பிடியை ஒரு முழுச் சுற்றும் மூன்றில் இரண்டு பங்கும் திருப்ப வேண்டும். ஒயர் கட்டிங்கின் பெருமை, பதம் செய்த எஃகையும் அது வெட்டும் என்பதில்தான் இருக்கிறது. உட்புற ராட்செட் பற்களுக்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் முழுவதும் கடினமாக்கிய எஃகில் வெட்டிய பல், உதை வாங்கும்போது நொறுங்கும். கிக்கர் சக்கரத்தின் மேல்தோல் கடினமாகவும் உள்ளே இளகியும் இருக்க வேண்டும். எனவே இ.என். 353 எஃகில் வெட்டி, 900 பாகைக்கு மேல் சூடாக்கி மேற்பரப்பில் கரியேற்றிப் பதம் செய்து, கடைசியில் நடுத்துளையைக் கிரைண்டிங் செய்வதே முறை. பதம் செய்யும்போது சக்கரம் சற்றுத் திருகும். அதனால்தான் நடுத்துளைக்கு முன்கூட்டியே இடம் விட வேண்டும். உங்களைப் போன்ற மாணவர்கள் இத்தகைய வேலையில் இறங்குவது மிகுந்த மகிழ்ச்சியளிக்கிறது.

கேள்வி: கனெக்டிங் ராடையும் கிராங்க் பின்னையும் நம் ஊரிலேயே கடைய முடியுமா?
வாசகர், ஆம்பூர்

பதில்: கிராங்க் பின்னைக் கரியேற்றிப் பதம் செய்து, மைக்ரான் அளவுக்கு உருளைக் கிரைண்டிங் செய்யும் வசதியுள்ள இடத்தில் மட்டுமே முடியும், வெறும் லேத்தில் முடியாது. ராடு, சூடாக்கி அடித்து உருவாக்கிய எஃகு. தண்டிலிருந்து குடைந்தெடுத்த ராடில் எஃகின் இழையோட்டம் அதன் உருவத்தைப் பின்பற்றாது. இவை இரண்டையும் தயாராக வாங்குங்கள். சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் பல வண்டிகளுக்குக் கிடைக்கிறது.

ராடின் சிறு முனையில் இருக்கும் வெண்கல புஷ்ஷை நீங்களே கடைந்து போடலாம். பாஸ்பர் வெண்கலம் எடுங்கள். அழுத்தி ஏற்றியதும் புஷ்ஷின் உட்துளை சுருங்கும். ஆகவே உள்ளளவைக் குறைவாக விட்டு, ஏற்றிய பின்னர், துளையைச் சீராக்கும் ரீமரால் இறுதி அளவுக்குக் கொண்டுவாருங்கள். ரீமரைக் கையால், ஒரே திசையில் மட்டும் திருப்புங்கள். பின்னுக்குத் திருப்பினால் அதன் விளிம்பு மழுங்கும். எண்ணெய்த் துளையை ரீமர் போடுவதற்கு முன்பே துளைத்துவிடுங்கள், பின்னால் துளைத்தால் பிசிறு உள்ளே நிற்கும்.

கேள்வி: புதிய பாகங்கள் போட்ட வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்ய முடியுமா?
வாசகர், இராணிப்பேட்டை

பதில்: மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் செய்த திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டியை அப்படிப் பதிவு செய்யலாம், எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். வண்டி அசல் நிலையில் காக்கப்பட்டிருக்க வேண்டும், அடிச்சட்டத்திலும் இன்ஜினிலும் பெருமாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. தேய்ந்த ஸ்டட்டையும் புஷ்ஷையும் அதே அளவில் மாற்றுவது பழுதுபார்ப்பு. வேறு இன்ஜினைப் பொருத்துவது மாற்றம். ஆனால் இந்தப் பதிவு பெற்ற வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கே அனுமதி. தினமும் ஓட்ட விரும்பினால் இருக்கும் ஆர்.சி.யையே புதுப்பித்துக்கொள்ளுங்கள். எதுவாயினும், கிராங்க் கேஸை மெருகேற்றக் கொடுக்கும்போது இன்ஜின் எண் பொறித்த மேடையின்மேல் பஃபிங் சக்கரம் படக் கூடாது என்று எழுதி ஒட்டிக் கொடுங்கள். மழுங்கிய எண்ணை மறுபடி பொறிக்க நீங்களாக முயலாதீர்கள். அது குற்றமாகக் கருதப்படும்.

கேள்வி: புதுப் பாகம் பொருத்திய பின் பழையதை எடைக்குப் போட்டுவிடலாமா?
வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: போட வேண்டாம். தேயாத மூலையும் அழியாத மரையும் அதில்தான் மிச்சம் இருக்கின்றன. அடுத்த முறை கடைபவருக்கு அதுவே மாதிரி. எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, எந்த வண்டி, எந்தப் பக்கம், புதியதை எந்த எஃகில் எந்த அளவுக்குக் கடைந்தீர்கள் என்று ஓர் அட்டையில் எழுதிக் கட்டி வையுங்கள்.